நிரலாக்கத் திறமையும் சான்றிதழ்த் தேர்வும்

கல்லூரியில் பயிலும் மாணவர்கள் என்னைக் காண வரும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, நிரல் எழுதப் பழகினால் சான்றிதழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைக்குமா? அல்லது தேர்வுக்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு வரியில் இதற்கு விடை சொல்லிவிட முடியாது. ஏனெனில் நன்றாக நிரல் எழுதத் தெரிந்தும் தேர்வில் தவறியவர்களை நான் கண்டிருக்கிறேன். தேர்வில் வென்றும் பத்து வரி நிரல் எழுதத் தெரியாதவர்களையும் கண்டிருக்கிறேன். இந்த இரண்டுக்கும் என்ன காரணம் என்பதையும், இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ள வழி உண்டா என்பதையும் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். நான் பள்ளிப் படிப்பை முடித்த கோடை விடுமுறையில், என் தந்தையார் என்னை மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டார். அந்நாளில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தட்டச்சுப் பொறியின் ஓசை கேட்காத தெருவே இல்லை எனலாம். சுருக்கெழுத்தாளர்களின் சங்கம் ஒன்று தியாகராய நகரில் தெருவுக்கே பெயர் தந்து நிற்கிறது என்றால், அக்கலைக்கு இந்நகரில் இருந்த மதிப்பை நீங்களே உணர்ந்துகொள்ளலாம். ஏ, எஸ், டி, எஃப் என்று விரல்களைப் பழக்கி, இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்திற்கு 30 சொற்களும், முதுநிலைத் தேர்வுக்கு 45 சொற்களும் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை அத்தேர்வுகளை நடத்தியது. இன்றும் நடத்தி வருகிறது.

அத்தேர்வில் ஒரு சிறப்பு உண்டு. விசைப்பலகையின் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் எவரும் அதில் தேற முடியாது. நண்பனிடம் விடையைக் கேட்டும் தேற முடியாது. விரல் பழகியிருந்தால் தேர்ச்சி, பழகாவிட்டால் தோல்வி. திறமையும் சான்றிதழும் அங்கே ஒரே பொருளாக இருந்தன.

நிரலாக்கத் தேர்வுகள் எல்லாம் அவ்வாறு அமைந்தவை அல்ல. அவற்றில் இருவகை உண்டு. கணினியின் முன்னே அமர்ந்து நிரலை எழுதி, இயக்கிக் காட்டும் தேர்வு ஒரு வகை. வினாவைப் படித்து, கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு மற்றொரு வகை. நம் மாநிலத்து மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இந்த வேற்றுமை புதிதன்று. மேல்நிலை வகுப்பின் கணினி அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைத் தேர்வுக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 எனப் பிரித்து வைத்த முறையை அவர்கள் அறிவார்கள்.

அடையாற்றை அடுத்து, மரங்களும் மான்களும் நிறைந்த வளாகத்தில் அமைந்திருக்கும் சென்னை ஐ.ஐ.டி. 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அது 2020ஆம் ஆண்டில் நிரலாக்கமும் தரவு அறிவியலும் கற்பிக்கும் இணையவழிப் பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அதில் பைத்தான் மொழிப் பாடத்திற்கு வழக்கமான தேர்வோடு, கண்காணிப்பின் கீழ் நிரல் எழுதிக் காட்டும் தேர்வும் தனியாக உண்டு. பாடத்தை வகுத்தவர்கள் இரண்டும் வெவ்வேறு திறமைகள் என்பதை உணர்ந்தே இவ்வாறு செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். என்னும் திட்டத்தையும் உங்களில் பலர் அறிவீர்கள். 2014ஆம் ஆண்டு முதல் அத்திட்டத்தின் இணையவழிப் பாடங்களுக்குச் சான்றிதழ்த் தேர்வுகள் நடைபெறுகின்றன. பாடத்தை எவரும் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும். பொதுவாக, வாரந்தோறும் செய்து அனுப்பும் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடமாயின், பன்னிரண்டு பயிற்சிகளில் சிறந்த எட்டின் சராசரியைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் பெறுவதற்குப் பயிற்சிகளில் குறைந்தது 10 மதிப்பெண்ணும், தேர்வில் குறைந்தது 30 மதிப்பெண்ணும் தனித்தனியே பெற்றிருக்க வேண்டும். இந்தத் 'தனித்தனியே' என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் தியாகராய நகரில் இருந்தார். இத்தகைய விதியை உடைய ஒரு பாடத்தில் அவர் சேர்ந்தார். வாரப் பயிற்சிகளுக்குரிய விடைகள் நண்பர்களிடையே கைமாறி வந்தன. அவரும் அவற்றைப் பார்த்து அனுப்பினார். 25க்கு 24 பெற்றார். தேர்வுக்குச் சென்றார், 75க்கு 27தான் கிடைத்தது. இரண்டையும் கூட்டினால் 51. ஆயினும் சான்றிதழ் இல்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவருடைய வீட்டார் எதிர்பார்த்திருந்தார்கள். அன்று மாலை அவர் என்னிடம் வந்து அமர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த வாட்டத்தை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

அவர் தவறவிட்ட வினா ஒன்றைச் சொல்கிறேன். பைத்தான் மொழியில் 'ரேஞ்ச்' என்றோர் ஏவல் உண்டு. அதற்குள் 1, 6 என்று எழுதினால் 1 முதல் 5 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றைக் கூட்டினால் 15. வாரப் பயிற்சியில் வந்த வினா இதுதான். தேர்விலோ 6க்குப் பதிலாக 5 என்று கொடுத்திருந்தார்கள். நம் நண்பர் வினாவைக் கண்டதும், 'இது நமக்குத் தெரிந்த வினா அல்லவா!' என்று மகிழ்ந்து, 15 என்றே குறித்துவிட்டார். சரியான விடை 10. ஏனெனில் அந்த ஏவல் தொடக்க எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். இறுதி எண்ணை விட்டுவிடும். ஆகவே 1, 2, 3, 4 ஆகிய நான்கு எண்களே வரும்.

இந்தப் பிழை அவருக்கு மட்டும் உரியதன்று. திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏறி, அடையாற்றுப் பக்கத்துக் கஸ்தூர்பா நகரில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர் என்று நிலையங்களை எண்ணினால் ஐந்து. வண்டி ஓடிக் கடக்கும் இடைவெளிகளை எண்ணினால் நான்கு. எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் தெளிவு செய்துகொள்ளாவிட்டால், நாள்தோறும் அவ்வழியே போய் வருபவர்கூட ஒன்று கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவார். நிரலில் ஏற்படும் பிழைகளில் இந்த 'ஒன்று கூடுதல், ஒன்று குறைதல்' மிகவும் பழமையானது. தேர்வு வினா அமைப்பவர்களும் இதை நன்கு அறிவார்கள்.

இனி, இவருக்கு நேர்மாறான ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாற்றிலிருந்து ஒரு மாணவி வருவார். நிரல் எழுதுவதில் வல்லவர். தம் கல்லூரி விழாவுக்கு வேண்டிய பதிவு முறையைத் தாமாகவே கணினியில் அமைத்துக் கொடுத்தவர். விடையை எவரிடமும் கேட்டுப் பெறும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் சான்றிதழ்த் தேர்வில் அவரும் எதிர்பார்த்த மதிப்பெண்ணைப் பெறவில்லை. இது எனக்கே வியப்பாக இருந்தது.

அவரிடம் காகிதத்தைக் கொடுத்து, ஒரு வினாவுக்கு விடை கேட்டேன். ஒரு வரிசையில் உள்ள எண்களுள் மிகப் பெரியதைக் கண்டறியும் நிரல் அது. 'பெரியது' என்னும் மாறியில் முதலில் 0 என்று வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அதைவிடப் பெரியதாயின், அந்த எண்ணை அதில் வைக்க வேண்டும். முடிவில் 'பெரியது' என்பதை அச்சிட வேண்டும். வரிசையில் உள்ள எண்கள் கழித்தல் 4, கழித்தல் 2, கழித்தல் 9. நிரல் எதை அச்சிடும்? மாணவி சிறிதும் தயங்காமல், "கழித்தல் 2" என்றார். அதுதான் அம்மூன்றில் பெரியது என்பது உண்மையே. ஆனால் நிரல் அச்சிடுவது 0. கழித்தல் எண் எதுவும் 0ஐவிடப் பெரியதன்று. ஆகவே 'பெரியது' முதலிலிருந்து இறுதிவரை மாறவே இல்லை. வரிசையின் முதல் எண்ணையே தொடக்கத்தில் வைத்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

மாணவி எங்கே தவறினார்? நிரல் எதைச் செய்ய வேண்டுமென்று எழுதியவர் எண்ணினாரோ, அதைப் படித்தார். உண்மையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதைப் படிக்கவில்லை. வீட்டில் எழுதும்போது கணினி அவருக்குத் துணையாக இருந்தது. எழுதுவார், இயக்குவார், பிழை கண்டால் திருத்துவார், மீண்டும் இயக்குவார். தேர்வுக் கூடத்தில் அந்தத் துணை இல்லை. முன்னவருக்கு விடை தெரிந்தது, வழி தெரியவில்லை. இவருக்கு வழி தெரிந்தது. ஆனால் கணினி கைப்பிடித்து அழைத்துச் சென்றால்தான் நடக்க முடிந்தது. இருவருக்கும் இல்லாத பழக்கம் ஒன்றே. நிரலை வரிவரியாகத் தாமே காகிதத்தில் நடத்திப் பார்க்கும் பழக்கம்தான் அது.

இது புதிய முறையன்று. நம் நகரத்திலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370 வகையைச் சேர்ந்த பெரிய கணினி ஒன்று நிறுவப்பட்டது. அக்கால மாணவர்கள் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதிவு செய்வார்கள். ஓர் அட்டையில் எண்பது எழுத்துகளுக்கு இடம் உண்டு; பொதுவாக ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைக் கட்டைக் கணினி மையத்தில் ஒப்படைத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருந்து விடையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். ஆகவே அட்டைகளைக் கொடுப்பதற்கு முன்பே, மேசையில் அமர்ந்து நிரலைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவது வழக்கமாயிற்று. வசதிக் குறைவே அவர்களுக்கு ஆசிரியராக அமைந்தது. இன்று ஒரு விசையைத் தட்டிய நொடியில் விடை வந்துவிடுகிறது. அது பெரும் வசதிதான். ஆனால் அந்தப் பழைய ஆசிரியரை நாம் இழந்துவிட்டோம்.

நான் கண்ட இருவரை மட்டும் வைத்து ஒரு முடிவைச் சொல்லிவிடுவது முறையாகாது. இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டதையும் பார்ப்போம். 2001ஆம் ஆண்டு மெக்கிராக்கன் என்பவரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு நிரல் எழுதும் தேர்வு ஒன்றை வைத்தது. 110 மதிப்பெண்ணுக்கு அவர்கள் பெற்ற சராசரி 23க்கும் குறைவு. பாடத்தை முடித்தவர்களுள் பலருக்கு நிரல் எழுத வரவில்லை என்பது ஆசிரியர் உலகத்தைத் திடுக்கிட வைத்தது. 'சிக்கலுக்குத் தீர்வு காணும் ஆற்றல் மாணவர்களுக்கு இல்லை' என்று பலர் கருதினார்கள்.

2004ஆம் ஆண்டு லிஸ்டர் என்பவரின் தலைமையில் வேறொரு குழு இதை மறுமுறை ஆராய்ந்தது. ஏழு நாடுகளைச் சேர்ந்த மாணவர்களிடம் அவர்கள் நிரல் எழுதச் சொல்லவில்லை. சிறிய நிரல் ஒன்றைக் கொடுத்து, இது எதை அச்சிடும் என்று கேட்டார்கள். பெரும்பாலும் எழுதி முடித்த நிரலைக் கொடுத்து, விடுபட்ட வரி எது என்றும் கேட்டார்கள். பல மாணவர்கள் இவற்றிலேயே தடுமாறினார்கள். இரண்டாவது வகையில் இன்னும் மிகுதியாகத் தடுமாறினார்கள். குறை தீர்வு காணும் ஆற்றலில் மட்டும் இல்லை, அதற்கு முந்திய படியிலேயே இருக்கக்கூடும் என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. படிக்கத் தெரியாதவன் கட்டுரை எழுத முடியுமா? நிரலும் அப்படித்தான்.

விடுபட்ட வரியைக் கண்டறியும் வினாவுக்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஒரு டம்ளரில் காபியும் இன்னொரு டம்ளரில் மோரும் இருக்கின்றன. இரண்டையும் இடம் மாற்ற வேண்டுமானால் மூன்றாவது டம்ளர் ஒன்று தேவை. நிரலிலும் அவ்வாறே. 'அ' என்னும் மாறியில் 7, 'ஆ' என்னும் மாறியில் 3 இருக்கட்டும். 'ஆ'வின் மதிப்பை 'அ'வில் வைத்து, பிறகு 'அ'வின் மதிப்பை 'ஆ'வில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டிலும் 3தான் இருக்கும், 7 மறைந்துபோயிருக்கும். முதலில் 7ஐ வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளும் வரியே இங்கு விடுபட்ட வரி. பைத்தான் மொழியில் ஒரே வரியில் இடம் மாற்றிவிடும் வசதி உண்டு. ஆயினும் அவ்வசதி நமக்காக எதைச் செய்கிறது என்பதை, 7 மறைந்துபோவதை ஒருமுறை தன் கையால் எழுதிப் பார்த்தவனே நன்கு அறிவான்.

ஆகவே மாணவ நண்பர்களே, நான் உங்களுக்குச் சொல்லும் பயிற்சி இதுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒரு சிறிய நிரலை அதில் எழுதுங்கள். பத்து வரி போதும். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். முதல் வரியிலிருந்து தொடங்கி, ஒரு வரி முடிந்ததும் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். 'இது இப்படித்தான் இருக்கும்' என்று எந்த வரியையும் தாண்டிச் செல்லாதீர்கள். முடிவில் கிடைத்த விடையைக் கோடிட்டு வையுங்கள். அதன் பிறகே கணினியில் இயக்கிப் பாருங்கள். விடை ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் அதுவே அன்றைய பாடம். எந்த வரியில் உங்கள் கணக்கும் கணினியின் கணக்கும் பிரிந்தன என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.

அடுத்து, அதே நிரலில் ஓர் எண்ணை மாற்றுங்கள். வரிசை வெறுமையாக இருந்தால் என்ன ஆகும், எல்லாம் கழித்தல் எண்களாக இருந்தால் என்ன ஆகும், ஒரே எண் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இறுதியாக, நூலை மூடி வைத்துவிட்டு அந்த நிரலை நினைவிலிருந்து எழுதுங்கள்.

நூலை மூடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்து, மூன்று முறை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு முறை படித்தவர்களே மிகுதியாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு இருந்தது. தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை அல்லவா?

தியாகராய நகர் நண்பர் இந்த முறையைக் கைக்கொண்டார். முதல் வாரத்தில் பத்து வரியை நடத்திப் பார்க்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. "இவ்வளவு மெதுவாகப் போனால் எப்போது பாடத்தை முடிப்பது?" என்று சலித்துக்கொண்டார். ஒரு மாதத்திற்குப் பின் அதே வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த முறை எழுதியபோது தேர்வில் தேறினார். அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதைவிட மகிழ்ச்சியான செய்தி வேறொன்று உண்டு. சில நாள் கழித்து வந்தபோது, நான் கேளாமலே, தாம் எழுதிய ஒரு நிரலைக் காட்டி, "இதில் ஒரு பிழை இருந்தது ஐயா, இயக்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன்" என்றார்.

இந்நாளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் அவையே நிரலை எழுதிக் கொடுத்துவிடுகின்றன. 'இனி நாம் ஏன் கற்க வேண்டும்?' என்று சிலர் கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தது சரியா, தவறா என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? 'பெரியது' என்பதில் 0ஐ வைத்துத் தொடங்கிய நிரல் பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. பெரும்பாலான நேரங்களில் சரியான விடையையும் தருகிறது. அதில் உள்ள பிழையைக் காண்பதற்குப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். எழுதும் வேலை எளிதாக எளிதாக, படித்து ஆராயும் வேலையின் தேவை மிகுகிறதே ஒழியக் குறையவில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். நிரலாக்கத் திறமை இருந்தால் சான்றிதழ் தானே வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தேர்வின் போக்கை அறிந்து அதற்கும் பழக வேண்டும். சான்றிதழ் வந்துவிட்டால் திறமையும் வந்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இரண்டுக்கும் பொதுவான வேர் ஒன்று உண்டு. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படித்து, அடுத்து என்ன நிகழும் என்பதைக் கணினிக்கு முன்பாக நீங்கள் சொல்லிவிடுவதே அது.

அந்தத் தட்டச்சுக் கூடத்தில் எங்கள் ஆசிரியர், தாளைப் பார், விசையைப் பாராதே என்று நாள்தோறும் சொல்லுவார். விரல் தானே போக வேண்டிய இடத்திற்குப் போகும்வரை அவர் எவரையும் தேர்வுக்கு அனுப்ப மாட்டார். நிரல் கற்கும் உங்களுக்கு நானும் அதையே சிறிது மாற்றிச் சொல்கிறேன். முதலில் தாளைப் பாருங்கள். பிறகு திரையைப் பாருங்கள். இன்றிரவே ஒரு பத்து வரி நிரலோடு தொடங்கலாம்.